மாம்பழம் உண்ட முதியவர்

ஆனி மாதப் பௌர்ணமியன்று காரைக்கால் தெருவில் நிற்பவன் தன் தலையைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பிச்சாண்டவர் சப்பரத்தில் வருவார். மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பதினோரு வயதில் நானும் அங்கே நின்றிருக்கிறேன். ஒரு பழம் என் காலடியில் வந்து விழுந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி அதை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தாள். குனிவதற்கே அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அதற்குள் நான் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். பழம் நல்ல தித்திப்பு. இருந்தாலும், பாதி வழி வந்து நின்றுவிட்ட அந்தக் கைதான் இன்றும் கண்முன் வருகிறது.

பின்னால் பெரிய புராணத்தைப் படித்தபோதுதான், எந்த ஊரில், எந்த நாளில் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று உறைத்தது.

கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் அவளை மணந்து காரைக்காலிலேயே கடை வைக்கிறான். கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு சிவனடியார் பசியோடு வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. புனிதவதி இரண்டு கனிகளில் ஒன்றை எடுத்து, சோற்றோடு படைத்துவிடுகிறாள்.

இதற்குப் பிறகு நடந்த அற்புதத்தைத்தான் எல்லோரும் சொல்கிறோம். கணவன் இரண்டாவது கனியையும் கேட்டது, இறைவன் அருளால் ஒன்று கைக்கு வந்தது, அதன் சுவை அவனை மிரள வைத்தது, அவன் கப்பலேறிப் போனது எல்லாம் வரிசையாக வந்துவிடும். சாப்பிட்டுப் போனவரை மறந்துவிடுகிறோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய சேக்கிழார் அவரை மறக்கவில்லை. வந்தவர் முதுமையால் தளர்ந்தவர், பசித் தீயால் சோர்ந்தவர் என்று இரண்டையும் சொல்கிறார். புனிதவதி விரைந்து வந்து படைத்தாள் என்றும் சொல்கிறார். அடியார் உண்டார், அவள் செய்ததைக் கண்டு மகிழ்ந்தார், போய்விட்டார். அவ்வளவுதான். சிவபெருமானே வேஷம் போட்டுக்கொண்டு வந்ததாக அந்த இடத்தில் சேக்கிழார் எழுதவில்லை. சோதிப்பதற்காக இறைவன் கிழவேடம் பூண்டு வருவது அவர் காவியத்தில் புதிதல்ல. அப்படி வந்தால் வந்தது என்று சொல்லத் தயங்குகிறவரும் அல்ல. இங்கே வந்தவர் மெய்த்தொண்டர் ஒருவர், வயோதிகர். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வந்துவிட்ட பெரியவர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

திருவிழாவிலோ பிட்சாடனர் வருகிறார். தாருகாவனத்து ரிஷிபத்தினிகளை மயங்கவைத்த சுந்தர புருஷர் அவர், நரையில்லை, நடுக்கமில்லை. அவருக்குப் பழம் எறிய யாருக்குத்தான் மனம் வராது? ஊர் பக்தியால் செய்துகொண்ட மாற்றம் இது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால், இதில் அந்தக் கிழவர் காணாமல் போய்விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் எங்கேயும் போகவில்லை, காரைக்காலில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். கப்பல் ஆண்களைக் கொண்டுபோகும் ஊர் இது. பரமதத்தன் போனான், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தான். 1739இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பிற்பாடு பட்டாளத்துக்கும் உத்தியோகத்துக்கும் சைகோன் போனவர்கள் உண்டு. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி எல்லாம் முடிந்த பிறகும் பாரிஸ் போகிறவர்கள் நிற்கவில்லை. மணியார்டர் வந்தது, பென்ஷன் வந்தது, இன்று பணம் பாங்கிக் கணக்குக்கே வருகிறது. வாசல் திண்ணையில் யார் மிஞ்சுகிறார்கள் என்பது மட்டும் மாறவில்லை.

சென்ற வருஷம் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். எதிர்வீட்டில் ஒரு பெரியவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இருவரும் பிரான்ஸில். தினமும் பன்னிரண்டு மணிக்கு முன்னால் பின்தெருவிலிருந்து ஒரு அம்மாள் தூக்கோடு வருவாள். அவருக்கு உறவில்லை, சங்கம் எதிலும் அங்கத்தினரும் இல்லை. அவள் வீட்டிலேயே ஒரு மணிக்குத்தான் சாப்பாடு.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கொண்டுவந்தால் குழம்போடேயே கொடுக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சர்க்கரை மாத்திரை பதினொன்றரைக்கே போட்டுடறார் சார். அதுக்கப்புறம் அவரால தாங்க முடியாது. கை நடுங்க ஆரம்பிச்சுடும்" என்றாள்.

தூக்கைத் திறந்து காட்டினாள். சோறு, மோர், ஓரத்தில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். சோறு ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டே திண்ணைப் படியேறினாள். உள்ளே பெரியவர் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.