‘தகுதி’யை அளக்கும் கோல்
அறிவுத்தேர்வுகள் அறிவோடு வாய்ப்பையும் சேர்த்தே அளக்கின்றன. இனங்களுக்கிடையே பிறவியிலேயே அறிவு வேறுபாடு உண்டென, அமெரிக்கப் படைவீரர்களின் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு 1923இல் எழுதினார் உளவியலாளர் கார்ல் பிரிகம். அம்முடிவு ஆதாரமற்றதென 1930இல் அவரே ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டில் அதே வாதம் ‘தகுதி’ என்ற பெயரில் சாதியைக் காக்கிறது. நாமக்கல்லில் தங்கிப் பயிலும் தனியார் பள்ளிகள் முன்பு பிளஸ் டூ மதிப்பெண்களுக்குப் பெயர்பெற்றவை. 2017இல் தமிழகத்தில் நீட் கட்டாயமானபின் அவ்வட்டாரம் நீட் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. தேர்வு மாறினாலும் கட்டணம் கட்ட இயன்றோரின் முன்னிலை மாறவில்லை.

அவ்வாண்டு பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 பெற்ற, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான அரியலூர் தலித் மாணவி அனிதா, நீட்டில் பெற்றது 720க்கு 86. சில வாரங்களில் அவரது அறிவு குன்றிவிடவில்லை, அளவுகோலே மாறியது. இடஒதுக்கீட்டை எதிர்த்துத் ‘தகுதி’ பேசுவோரிடம் அந்தக் கோல் யாருடையது என்றே நாம் கேட்கிறோம்.