அப்புக்காத்தும் துணையாளரும்

எமது பாட்டிமார் காலத்து யாழ்ப்பாணத்தில் வழக்கென்று வந்துவிட்டால் இருவரைத் தேட வேண்டும். ஒருவர் பிரக்கிராசி, மற்றவர் அப்புக்காத்து. பத்திரங்களை ஆயத்தப்படுத்துபவர் முன்னவர். மன்றில் எழுந்து பேசுபவர் பின்னவர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'அப்புக்காத்து' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'பக்கத்துக்கு அழைக்கப்பட்டவர்' என்பது அதன் பொருள். 1974இல் இரு பிரிவினரும் ஒன்றாக்கப்பட்டுச் சட்டத்தரணி என்ற ஒரே பெயரைப் பெற்றனர். அதன்பின் அப்புக்காத்து, வாய்காட்டும் பெண்பிள்ளைகளைக் கேலி செய்யும் சொல்லாக மட்டும் எங்கள் வீடுகளில் மிஞ்சியது.

இங்கே சொல்ல வருவது பக்கத்துக்கு அழைக்கப்படும் இன்னொருவரின் வரலாறு. வீட்டிலோ வெளியிலோ வன்முறைக்கு உள்ளான பெண்ணுடன் பொலிஸ் நிலையம், வைத்தியசாலை, நீதிமன்றம் என்று கூடவே செல்பவர் அவர். ஆங்கிலத்தில் அவரையும் அட்வகேட் என்றே அழைக்கிறார்கள். தமிழில் உளவளத்துணையாளர், களப்பணியாளர், 'ஒபிஸ் அக்கா' என்று பல பெயர்கள் உலவுகின்றன. நான் துணையாளர் என்கிறேன்.

இந்தப் பணிக்கு ஆரம்பத்தில் பாடப்புத்தகம் இருக்கவில்லை. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் அடிபட்ட பெண்களுக்கான புகலிடம் திறக்கப்பட்டது. 1972இல் வொஷிங்டனில் பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கான நிலையம் ஒன்று தொடங்கியது. அங்கெல்லாம் முன்னர் வந்தவர் பின்னர் வருபவருக்குச் சொல்லிக்கொடுத்ததே பயிற்சி. 1984இல் அமெரிக்காவின் டுலுத் நகரில் பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்ன அனுபவங்களிலிருந்து ஒரு சக்கரப் படம் வரையப்பட்டது. மிரட்டல், காசைப் பிடித்து வைத்தல், தனிமைப்படுத்தல், பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தல் என அதன் ஆரங்கள் செல்லும். அடி விழாத நாட்களிலும் வன்முறை நடந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தப் படம் விளக்குவதுபோல நீண்ட விரிவுரை எதுவும் விளக்காது. இன்றும் பல நாடுகளில் பயிற்சியின் முதல் நாளில் அதைச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

இலங்கையில் 1980களின் போர்ச்சூழலில் இந்தப் பணி முளைத்தது. யாழ்ப்பாணத்தில் பூரணி மகளிர் இல்லம் இயங்கியது; மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம அதனுடன் சேர்ந்து உழைத்தவர்களில் ஒருவர். கொழும்பில் 1987இல் 'விமன் இன் நீட்' அமைப்பு உருவாயிற்று. வடகிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் இருந்த பெண்களிடையே 1991இல் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993இல் மட்டக்களப்புக்குச் சென்று வேரூன்றியது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணையாளர்களைத் தமிழிலேயே பயிற்றியது.

இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு வந்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதைவிடக் கைவிட வேண்டியதே அதிகமாக இருந்தது. குடும்பத்தில் பிரச்சினை என்றால் எமது சமூகம் அனுப்பி வைப்பது சமாதானம் செய்பவரை. பெரியப்பா, கோயில் தர்மகர்த்தா, சுவாமியார், அதிபர், கிராம சேவையாளர் என்று அந்த வரிசை நீளம். இரு பக்கமும் கேட்டு, இருவருக்கும் புத்தி சொல்லி, பெண்ணை அதே வீட்டில் கொண்டுபோய் விடுவது அவர்களின் வெற்றி. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழி கூடவே போகும். காணிச் சண்டைக்கு இந்த முறை பொருந்தலாம். ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாய்திறக்க முடியாத இடத்தில் 'இரு பக்கமும்' என்பதே கிடையாது. படித்த, நல்ல மனமுள்ள, ஊரில் மதிப்புள்ள பெண்களுக்கே இப்பழக்கத்தை விடுவது கடினம் என்பது என் கணிப்பு. எங்களைப் போன்ற கல்லூரிகள் பிரித்து வைப்பவர்களை அல்ல, சேர்த்து வைப்பவர்களையே உருவாக்க விரும்பின.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1995இன் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் இருந்தால்தான் சம்மதமின்மையை நிரூபிக்கலாம் என்ற நிலை அதனால் நீங்கியது. கணவன் செய்யும் வல்லுறவோ, நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து வாழும் மனைவிக்கு மட்டுமே குற்றமாயிற்று. அந்தப் பள்ளம் தூர்க்கப்படாமலே விடப்பட்டது. 1994 முதல் 2003 வரை பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளராக இருந்தவர் எமது நாட்டின் ராதிகா குமாரசுவாமி. 1996இல் அவர் முன்வைத்த மாதிரிச் சட்ட வரைவு, பொலிசாருக்கும் நீதித்துறையினருக்கும் ஆலோசகர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. சொந்த நாட்டில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 34ஆம் இலக்கமாக, 2005இல்தான் வந்தது.

அதன்படி பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரமாயின் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்கப்படும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நிற்கும். அதை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபா வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கணவன் மட்டுமல்ல, தகப்பன், மகன், சகோதரன் மீதும் கட்டளை பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. வயதான தாய்மாருக்கு இது முக்கியம்.

சட்டத்தை ஒரு நாளில் படிப்பிக்கலாம். மீதி நாட்கள் செல்வது வேறு பழக்கங்களுக்கு. 'ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?' என்ற கேள்வியை நாக்கிலிருந்து எடுப்பது. அவள் அழும்போது உடனே தண்ணீர்ப் போத்தலை நீட்டிப் பேச்சை முறிக்காமல் இருப்பது. அவன் எப்போதாவது கழுத்தை நெரித்தானா என்று தயங்காமல் கேட்பது. உயிருக்கு ஆபத்து நெருங்குவதைக் காட்டும் அடையாளங்களில் அது ஒன்று. பிரிந்து போக முடிவெடுக்கும் வேளையே மிக ஆபத்தானது என்பதால் 'விட்டிட்டு வா' என்று அவசரப்படுத்தாமல், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சக் காசு என்பவற்றை எங்கே வைப்பது என்று அவளோடு இருந்து திட்டமிடுவது. திரும்பிப் போகிறேன் என்று அவள் சொன்னால் முகம் சுளிக்காமல் அடுத்த முறைக்கும் கதவைத் திறந்து வைப்பது.

குறிப்பேடு தனிப் பாடம். கலிபோர்னியாவில் 40 மணிநேரப் பயிற்சி பெற்ற துணையாளரிடம் பெண் நம்பிச் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிடாமல் காக்கச் சட்டம் இடம் தருகிறது. எமது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் அந்தக் காப்பைச் சட்டத்தரணிக்கு வழங்குகிறது, துணையாளருக்கு வழங்கவில்லை. ஆகவே அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே சுருக்கமாக எழுத வேண்டும். தன் ஊகத்தைக் கலக்கக் கூடாது. ஒரு சொல் மாறினாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

காதி நீதிமன்றத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே சட்டத்தரணி தோன்ற இடமில்லை. தன் வழக்கைப் பெண் தானே பேச வேண்டும். துணையாளர் அவளை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவதுதான் அங்கே பெரிய உதவி. தெற்கிலும் மலையகத்திலும் சிங்களத்தில் எழுதப்படும் பொலிஸ் முறைப்பாட்டைத் தமிழ்ப் பெண் வாசிக்காமலே கையொப்பமிடுவது இன்னொரு சிக்கல். வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதே என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் வழக்கே மாறும்.

2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த இலங்கைப் பெண்களில் 20.4 சதவீதத்தினர், அதாவது ஐவரில் ஒருவர், அத்துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பறையின் ஒரு வாங்கில் ஐந்து பேர் இருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். இன்று அரசாங்க வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' உண்டு. 1938 என்ற இலக்கம் உண்டு. பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் உண்டு.

வெளிநாட்டில் இம்மலரை வாசிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே துணையாளர் குடிவரவுச் சட்டமும் படிக்க வேண்டும். கணவனின் விசாவில் வந்தவளை 'திருப்பி அனுப்பிவிடுவேன்' என்று மிரட்டுவது எளிது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்றோர் போராடியதால் பிரித்தானியாவில் 2002இல் வன்முறைக்கு உள்ளான மனைவி தனித்து வதிவிட உரிமை கோர விதி வந்தது. கனடாவில் 2012இல் கொண்டுவரப்பட்ட ஈராண்டு நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டது. ரொறன்ரோவில் பயந்து இருக்கும் ஒருத்திக்கு அந்த நிபந்தனை இன்று இல்லை என்பதைத் தமிழில் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஊரில், நல்ல துணையாளரின் டயறியில் ஒரு பழக்கத்தைக் காணலாம். பாதுகாப்புக் கட்டளை கிடைத்த அன்றே பதினொரு மாதம் எண்ணி ஒரு திகதிக்குக் கீழே கோடு போட்டிருப்பார். அன்று தொலைபேசி எடுத்து, கட்டளை முடியப்போகிறது, மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேட்பார். என்ன செய்வதென்பதைச் சொல்லவேண்டியது மறுமுனையில் இருப்பவள்.