பயிற்சியின் அளவும் உடலின் மறுமொழியும்: அதிக எடையுள்ள பெண்களைப் பற்றிய ஆய்வுகளின் வளர்ச்சி

எவ்வளவு உடற்பயிற்சி போதும் என்ற கேள்விக்கு அறிவியல் தேடிய விடை நெடுங்காலம் ஆண்களின் உடலையே சார்ந்திருந்தது. 1953இல் ஜெரமி மாரிஸ் குழுவினர் லண்டன் பேருந்துகளின் ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டியபோது அவர்கள் ஆராய்ந்தவர்கள் ஆண்களே; 1978இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வாரம் 3 முதல் 5 நாள், ஒவ்வொரு நாளும் 15 முதல் 60 நிமிடம் எனப் பரிந்துரைத்தபோதும் சான்றுகளில் பெரும்பகுதி ஆண்களிடம் திரட்டப்பட்டதே. 1995இல் அப்பரிந்துரை நாளொன்றுக்கு 30 நிமிட மிதமான உழைப்பு என்று எளிமையானது. ஆனால் 2002இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் உடல் எடை கூடாமலிருக்க 60 நிமிடம் தேவை என்றதால், இதயத்துக்கு ஓர் அளவு, எடைக்கு வேறோர் அளவு என்ற குழப்பம் எழுந்தது.

இக்குழப்பத்தின் வேர், இதயமும் நுரையீரலும் தசைகளும் சேர்ந்து உழைக்கும் திறனாகிய உடல்தகுதியையும், கொழுப்பும் தசையும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதாகிய உடலமைப்பையும் ஒன்றாக எண்ணியதே. 2003இல் ஜான் ஜாகிசிக் குழுவினர் 201 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, உணவுக் கட்டுப்பாட்டுடன் வெவ்வேறு கால அளவிலும் தீவிரத்திலும் ஓராண்டு பயிற்சி அளித்தபோது, எல்லாக் குழுக்களிலும் எடை குறைந்தது. குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உணவும் சேர்ந்தே மாறியதால், பயிற்சியின் அளவு மட்டும் என்ன செய்கிறது என்பதை அந்த ஆய்விலிருந்து தனியே பிரித்தறிய இயலவில்லை.

அதைப் பிரித்துக் காட்டியது டல்லாஸ் நகரின் கூப்பர் நிறுவனத்தில் திமோதி சர்ச் தலைமையில் நடந்து 2007இல் வெளியான 'ட்ரூ' ஆய்வு. மாதவிடாய் நின்றவர்களும் உடலுழைப்பு குறைந்தவர்களும் இரத்த அழுத்தம் சற்று உயர்ந்தவர்களுமான 464 பெண்கள் இதில் பங்கேற்றனர். ஒரு குழு பயிற்சியின்றி இருக்க, மற்ற மூன்று குழுக்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரந்தோறும் 4, 8, 12 கிலோகலோரி ஆற்றல் செலவாகும்படி பயிற்சி வகுக்கப்பட்டது. நடுவில் உள்ள 8 என்பதே அன்றைய பரிந்துரையின் அளவு. வாரந்தோறும் எடை பார்த்து, அதற்கேற்பக் கணக்கிட்ட ஆற்றல் செலவாகும்வரை ஒவ்வொருவரும் கண்காணிப்பின்கீழ் டிரெட்மில்லிலும் நிலைமிதிவண்டியிலும் பயிற்சி செய்தனர். எல்லோரும் 4 என்ற அளவில் தொடங்கி, மேல் குழுக்கள் மட்டும் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டிச் சென்றன. அளவு மட்டுமே மாறி, தீவிரம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது என்பதே இந்த ஆய்வின் வலிமை.

உடல் உச்ச உழைப்பில் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு, ஆறு மாத முடிவில், பயிற்சியற்ற குழுவோடு ஒப்பிடுகையில் முறையே 4.2, 6.0, 8.2 விழுக்காடு உயர்ந்தது. மிகக் குறைந்த அளவைப் பெற்றோர் வாரத்துக்குச் சராசரியாக 72 நிமிடமே பயிற்சி செய்தனர் என்பது, நேரமில்லாத எத்தனையோ பெண்களுக்கு நம்பிக்கை தரும் முடிவு. எடையின் கதை வேறு. 2009இல் வெளியான பகுப்பாய்வின்படி மூன்று குழுக்களிலும் எடை முறையே 1.4, 2.1, 1.5 கிலோ குறைந்தது. அதாவது மிக அதிகம் உழைத்த குழு, நடுக்குழுவைவிடக் குறைவாகவே இளைத்தது. செலவான ஆற்றலைக் கொண்டு கணித்த எடையிழப்பு அக்குழுவில் மட்டும் கிட்டவில்லை. கூடுதலாக உண்பதாலோ பிற அசைவுகளைக் குறைப்பதாலோ உடல் அவ்விழப்பை ஈடுகட்டிக்கொள்வதை 'ஈடுசெய்தல்' என்பர். இத்தகைய ஈடுசெய்தலுக்கு நடுவிலும் மூன்று பயிற்சிக் குழுக்களிலும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. எனவே எடை இயந்திரத்தின் எண்ணை மட்டும் பார்த்துப் பயிற்சி வீண் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது தவறு.

எனினும் அளவுக்கும் கொழுப்புக்கும் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டவும் இயலாது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 400 பெண்களைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான 'பீட்டா' ஆய்வில், உணவுப் பழக்கத்தை மாற்றாமல் ஓராண்டு வாரம் 300 நிமிடம் உழைக்கப் பணிக்கப்பட்டோருக்கு, 150 நிமிடக் குழுவைவிடக் கொழுப்பு கூடுதலாகக் கரைந்தது. ஆனால் அவ்வேறுபாடு சிறியதே. ஜாகிசிக் குழுவினரின் 2008ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது: இரண்டாண்டு கழித்தும் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடையிழப்பைத் தக்கவைத்திருந்த பெண்கள், தொடக்கத்தில் இருந்ததைவிட வாரம் சுமார் 275 நிமிடம் அதிகமாக உடலுழைப்பில் ஈடுபட்டிருந்தனர்.