நோயின் பெயரும் பெண்ணின் சொல்லும்: மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் வரலாறு

1931இல் நியூயார்க்கின் பெண்நோய் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க், 'மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்' என்ற பெயரை மருத்துவ இலக்கியத்தில் நிறுவினார். சூலகச் சுரப்பின் மிகுதியே காரணம் எனக் கருதிய அவர், சிலருக்குச் சூலகத்தின்மீது எக்ஸ் கதிரும் செலுத்தினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் பெண்கள் ஊதிய வேலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டுவந்த காலம் அது. இப்பொருத்தத்தை 1987இல் மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் சுட்டிக்காட்டினார்.

அதே 1987இல், அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டி.எஸ்.எம். இந்நிலையைப் பிற்சேர்க்கையில் சேர்த்தது. உளவியலாளர் பவுலா கேப்லன் உள்ளிட்ட பெண்ணியர் இதை எதிர்த்தனர். பெண்ணின் நியாயமான சினம்கூட நோயாகப் படிக்கப்படும் என அஞ்சினர். 2000இல் எலி லில்லி நிறுவனம், காப்புரிமை முடியவிருந்த 'புரோசாக்' மருந்தையே 'சாராஃபெம்' என்ற பெயரில் இந்நோய்க்கென விற்றபோது ஐயம் வலுத்தது. எனினும் 2013இல் பி.எம்.டி.டி. கையேட்டின் முதன்மைப் பகுதிக்கு நகர்ந்தது.

அமெரிக்காவில் இவ்விவாதம் எழுந்த ஆண்டுகளில், பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த சந்தோஷ் சதுர்வேதியும் பிரபா சந்திராவும் இந்தியப் பெண்களின் அனுபவங்களை ஆராய்ந்துவந்தனர். 1990ஐ ஒட்டி வெளியான அவர்களுடைய கட்டுரைகள் அறிகுறிகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. மாதவிடாய் குறித்த மனப்பாங்கையும், பண்பாட்டுச் சூழலையும், அந்நாட்களில் உணரப்படும் நன்மாற்றங்களையும் கருத்தில் கொண்டன. இதன் முக்கியத்துவம் எளிதில் விளங்கும்: துன்பத்தை மட்டுமே வினவும் படிவத்தில் துன்பம் மட்டுமே பதிவாகும்.

இந்தியச் சூழலில் அச்சத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. 'தீட்டு', 'தூரம்' என்று பெண்ணை ஏற்கெனவே ஒதுக்கிய சமூகத்தில், மருத்துவச் சொல் அவ்வொதுக்கலுக்கு அறிவியல் முத்திரையாகலாம். இந்து திருமணச் சட்டத்தில் மனநலமின்மை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்று. மறுபுறம், 2018இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், மாதவிடாய்க்கு முந்தைய மன அழுத்தத்தைக் கருத்தில் கொண்டு கொலை வழக்கொன்றில் ஒரு பெண்ணை விடுவித்தது. ஒருத்தியைக் காத்த அதே வாதம், எல்லாப் பெண்களின் பகுத்தறிவையும் மாதந்தோறும் ஐயத்திற்குள்ளாக்க வல்லது.

ஆயினும் நோயை மறுப்பது தீர்வாகாது. 'எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே' என்ற அலட்சியம், தற்கொலை எண்ணம் வரை தள்ளப்படும் சிலரின் துயரை மறைத்துவிடுகிறது. டி.எஸ்.எம். வரையறை, 11 அறிகுறிகளுள் குறைந்தது ஐந்தையும், இரு சுழற்சிகளின் அன்றாடப் பதிவையும் கோருகிறது. இந்தக் கடுமை பெண்களுக்குப் பாதுகாப்பு: சாதாரண மாற்றத்தை நோயாக்காமல் தடுப்பதும் அதுவே, உண்மை நோயை நிறுவுவதும் அதுவே. நெருக்கடி மிகுந்த புறநோயாளர் பிரிவில் சில நிமிடங்களில் எழுதப்படும் முடிவு இவ்விரண்டையும் இழக்கிறது.

2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, பெண் ஊழியர்களுக்கு மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. விடுப்பு உரிமையாக நிலைபெறுமா, பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்குச் சாக்காகுமா என்பது, ஃபிராங்க் காலத்துக் கேள்வியின் இன்றைய வடிவம். துன்பத்திற்குப் பெயர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அப்பெயரை எங்கே, எதற்காகப் பயன்படுத்தலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அப்பெண்ணின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புண்டு என்பதிலேயே பெண்ணியத்தின் கவலை மையம் கொண்டுள்ளது.