ஆறு நாளில் ஐந்து வெற்றி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லாந்து பீடபூமியின் மேல் ஒரு சிறிய பல்கலைக்கழகம் இருக்கிறது. 1857-இல் எபிஸ்கோபல் திருச்சபையார் நிறுவியது. தெற்குப் பல்கலைக்கழகம் என்பது பெயர். ஊர்ப் பெயரால் செவானி என்றே அழைப்பார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குக் கால்பந்து என்றால் காலால் உதைக்கும் ஆட்டம்தான். அமெரிக்கக் கால்பந்து வேறு. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓட வேண்டும், ரக்பிக்கு உறவு.

1899-இல் செவானி அணிக்கு மேலாளராக இருந்தவர் லூக் லீ என்ற மாணவர். பக்கத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு; அந்த ஆட்டம் நின்றுபோனது, வருமானமும் போனது. ஈடுகட்ட அவர் ஒரு நீண்ட ரயில் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார், சுமார் 2,500 மைல்!

நவம்பர் 9-இல் டெக்சாஸை 12-0, மறுநாள் டெக்சாஸ் ஏ அண்டு எம்மை 10-0, 11-இல் துலேனை 23-0 என்று வென்றார்கள். ஞாயிறு ஓய்வு. 13-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0, 14-இல் மிசிசிப்பியை 12-0. ஐந்து ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அந்த ஆண்டு ஆடிய 12 ஆட்டங்களும் வெற்றி. ஆபர்ன் அணி மட்டுமே இவர்களுக்கு எதிராகப் புள்ளி எடுத்தது. அந்த ஆட்டமும் 11-10.

பிறகு காலம் மாறியது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெருத்தன. ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஆள் சேர்த்தன. 1932-இல் தென்கிழக்கு மாநாடு என்ற பெரிய விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானபோது, நிறுவிய 13 உறுப்பினர்களில் செவானியும் ஒன்று. அதில் ஆடிய 37 கால்பந்து ஆட்டங்களிலும் தோல்வி.

அப்போதைய துணைவேந்தர் அலெக்சாண்டர் கெர்ரி ஒரு முடிவெடுத்தார். விளையாட்டு மாணவருக்காக, விளையாட்டுக்காக மாணவரை விலைக்கு வாங்குவதில்லை. 1940 இறுதியில் செவானி கூட்டமைப்பிலிருந்து வெளியேறியது.

அரசு அலுவலகத்தில் பல்லாண்டு இருந்தவன் நான். கௌரவமான நாற்காலியைத் தானாக விட்டெழுந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அந்த ஐந்து வெற்றிகளைவிட இந்த முடிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செவானி ஆட்டத்தை விட்டுவிடவில்லை. தனக்கு நிகரான சிறு கல்லூரிகளோடு ஆடி, 1958-இலும் 1963-இலும் ஒன்றில்கூடத் தோற்காமல் பருவத்தை முடித்தது. விளையாட்டுக்கு உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் இன்றும் ஆடுகிறது.