தாமரை விளைவு

தாமரை விளைவு என்பது, நீர்த்துளி ஒட்டாமல் உருண்டோடுகையில் பரப்பிலுள்ள தூசியையும் அழுக்கையும் அள்ளிச் செல்லும் தன்மை. தாமரை இலையில் இது சிறப்பாகக் காணப்படுகிறது. சேப்பங்கிழங்கு இலை போன்றவற்றிலும் உண்டு.

செயல்படும் விதம்: பார்வைக்கு வழவழப்பாகத் தோன்றும் தாமரை இலை உண்மையில் சொரசொரப்பானது. அதன் மேற்பரப்பு முழுவதும் மைக்ரோமீட்டர் அளவிலான முகடுகள் நிறைந்துள்ளன. அவற்றின்மேல் நானோமீட்டர் அளவிலான மெழுகுக் குழல்கள் படர்ந்துள்ளன. இடைவெளிகளில் காற்று தங்கிவிடுவதால் துளி முகடுகளின் உச்சியை மட்டுமே தொட்டு, ஏறத்தாழ முழு உருண்டையாக நிற்கிறது. துளிக்கும் இலைக்கும் இடையிலான தொடுகோணம் 150 பாகைக்கும் மேல். தூசியும் முகட்டு நுனிகளிலேயே தங்குவதால், இலை சற்றுச் சாய்ந்தாலும் துளியோடு போய்விடுகிறது.

ஆய்வு: ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளை ஆராய்ந்தபோது, சொரசொரப்பான இலைகளே சுத்தமாக இருப்பதைக் கவனித்தார். கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸுடன் 1997இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பரவலாக அறியச் செய்தது.

பயன்பாடு: இந்தத் தத்துவத்தில் அமைந்த ‘லோட்டுசான்’ வெளிச்சுவர் வண்ணப்பூச்சு 1999இல் சந்தைக்கு வந்தது. மழையே சுவரைக் கழுவுவதால், சுத்தம் செய்யத் தேவைப்படும் நீரும் சோப்பும் குறைகின்றன. துணி, கண்ணாடி ஆகியவற்றுக்கான பூச்சுகளும் உள்ளன.

வரம்புகள்: உயிருள்ள இலை தேய்ந்த மெழுகை மீண்டும் சுரந்துகொள்ளும், செயற்கைப் பூச்சு உராய்வில் தேய்ந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. எண்ணெயும் சோப்பும் பட்டால் விளைவு மங்கும்.