பத்திரம் யார் பேர்ல இருந்தது?

செவ்விந்தியர்னு சொன்னா எனக்கு லயன் காமிக்ஸ்தான் ஞாபகம் வரும். டெக்ஸ் வில்லர் குதிரையில வருவார், தலையில இறகு வச்சவங்க மலை மேல நிப்பாங்க. நம்ம அறிவு அவ்வளவுதான்.

ஆன்சைட்டில் இருந்தபோது ஒரு லாங் வீக்கெண்டில் வட கரோலினா மலைப்பக்கம் செரோக்கி என்ற ஊருக்குப் போனோம். கூட வந்தவர்கள் கேசினோவுக்குள் புகுந்துவிட்டார்கள். நான் தெருப்பலகைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு சுற்றினேன். ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்தும் இருந்தது. 1821-ல் செக்வோயா என்பவர் உருவாக்கியது. நம்ம உயிர்மெய் மாதிரி ஒரு எழுத்துக்கு ஒரு அசை.

திரும்பி வந்து அந்த ஊரைப் பற்றிப் படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) அந்த மலையிலிருந்து சுமார் 400 செரோக்கிகள் வெள்ளைக்காரர்களோடு ஒரே படையில் சண்டை போட்டிருக்கிறார்கள். அதுவும் அடிமை முறையைக் காப்பாற்றக் கிளம்பிய தெற்குப் பக்கம்!

1838-ல்தான் செரோக்கிகளைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி, இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். செத்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குள் மறந்துவிட்டதா என்ன?

விடை ஒரு ஆளிடம் இருக்கிறது. வில்லியம் ஹாலண்ட் தாமஸ். சிறு வயதில் மலைக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளைக்காரப் பையன். செரோக்கி மொழி கற்றுக்கொண்டான். யோனகுஸ்கா என்ற தலைவர் அவனைத் தத்து எடுத்தார். 1838-ல் எப்படியோ தப்பி அந்த மலையிலேயே தங்கிவிட்ட செரோக்கிகளுக்கு நிலம் வாங்கும் உரிமை இல்லை. அதனால் அவர்கள் காசில் தாமஸ் நிலம் வாங்கினார். பத்திரம் எல்லாம் அவர் பேரில்! யோனகுஸ்கா 1839-ல் இறந்தபின் தலைவரும் அவரேதான். மாநில செனட்டராகவும் இருந்தார். 1861-ல் பிரிந்துபோவதற்கு ஓட்டுப் போட்டவர், அடிமைகள் வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

1862-ல் அவர் 'தாமஸ் லீஜன்' படையைத் திரட்டினார். மலைவாழ் வெள்ளையர்களும் செரோக்கிகளும் கலந்த படை. செரோக்கிகள் கணக்கில் இது தெற்கா வடக்கா என்ற கேள்வியே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டு நிலம் இவர் பேரில் இருக்கிறது, ஊரில் தங்கவிடுவதா வேண்டாமா என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. 'வரலை'னு எப்படிச் சொல்வது?

அதே 1862 செப்டம்பரில் பாப்டிஸ்ட் கேப் என்ற கணவாயில் அவர்களுடைய லெப்டினன்ட் அஸ்டூகட்டோகே முன்னால் நின்று பாயும்போது சுடப்பட்டு இறந்தார். ஆத்திரத்தில் அவருடைய ஆட்கள் எதிரிகளின் தலைத்தோலை உரித்தார்கள். 1864-ல் சிறைபிடிக்கப்பட்ட செரோக்கிகளில் சிலர் வடக்குப் படையிலேயே சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஓக்லஹோமாவிலும் இதே கதைதான், செரோக்கிகள் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சி 1865 மே மாதம், வேன்ஸ்வில்லில். ஊரைப் பிடித்திருந்தது வடக்குப் படை. ஆனால் அதிலும் இருந்தவர்கள் வட கரோலினாக்காரர்கள்தான்! சுற்றியிருந்த மலைகளில் ராத்திரி முழுக்க தாமஸின் ஆட்கள் தீ மூட்டிக் கூச்சல் போட்டு மிரட்டினார்கள். ஆனால் தளபதி லீ ஏப்ரலிலேயே சரணடைந்திருந்தார். கடைசியில் சூழ்ந்து நின்றவர்களே ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

வீடு திரும்பியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1866-ல் பெரியம்மை. நூறு பேருக்கு மேல் போனார்கள். தாமஸ் கடனில் மூழ்கி, புத்தி பேதலித்து, 1893-ல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். கடன்காரர்கள் அவர் பேரில் இருந்த செரோக்கி நிலத்தின் மேல் கை வைத்தார்கள். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய நிலம், ஒரே ஒரு கையெழுத்தில் தொங்கியது. கோர்ட்டுக்குப் போய், 1874-ல் நடுவர்கள் செரோக்கிகள் பக்கம் தீர்ப்பு சொன்னபிறகுதான் மூச்சு வந்தது.

ஆனால் ஒன்று. 1866-ல் வட கரோலினா, இவர்கள் இங்கேயே தங்கலாம் என்று சட்டம் போட்டது. போருக்குப் போனதற்குக் கூலி என்றால் அதுதான்.

நான் பார்த்த தெருப்பலகைகள் இன்னும் அந்த மண்ணில் நிற்பதற்கு அந்த 400 பேரும் ஒரு காரணம். அவர்கள் நின்ற பக்கம் தப்புதான். ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால்...? இன்னும் பதில் தெரியவில்லை.